அன்டார்க்டிக்காவுக்கு முன்னால் ‘தி’ ஏன் வராது?

பணி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், தாம் ஆங்கிலத்தில் எழுதிய பயணக் குறிப்புகளைத் திருத்தித் தருமாறு சென்ற ஆண்டு எனக்கு அனுப்பியிருந்தார். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஃபாக்லாந்து தீவுகளையும் தெற்கு ஜார்ஜியாவையும் கடந்து, தென்முனைக் கண்டத்தின் தீபகற்பம் வரை சென்று திரும்பிய மூன்று வாரப் பயணத்தை அவர் நூற்றுச் சொச்சம் பக்கங்களில் எழுதியிருந்தார். நடை தெளிவாக இருந்தது, கடலைப் பற்றிய விவரிப்புகள் சில இடங்களில் பொறாமைப்படும்படியாகவும் இருந்தன. ஆனால் எந்தக் கண்டத்தைக் காண அவ்வளவு தொலைவு சென்றாரோ அந்தக் கண்டத்தின் பெயர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் உருமாறிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் ‘தி அன்டார்க்டிக்கா’ என்றும், இன்னோரிடத்தில் ‘அன்டார்க்டிக்கா ட்ரீட்டி’ என்றும், வேறோரிடத்தில் ‘தி’ இல்லாமல் ‘வீ ரிட்டர்ண்ட் ஃப்ரம் அன்டார்க்டிக்’ என்றும் இருந்தது. பெயரின் நடுவில் இருக்க வேண்டிய முதல் ‘சி’ எழுத்து, இருந்த இடங்களைவிடக் காணாமல் போன இடங்களே மிகுதி.

எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினேன். இரண்டே நாளில் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், ‘தி ஆர்க்டிக்’ என்று நான் எழுதியதை நீங்கள் தொடவில்லை. ‘தி அன்டார்க்டிக்’ என்று எழுதிய இடங்களையும் விட்டுவிட்டீர்கள். ‘தி அன்டார்க்டிக்கா’ என்று எழுதிய இடத்தில் மட்டும் ‘தி’யை அடித்திருக்கிறீர்கள். அது விதி என்று மட்டும் சொல்லாதீர்கள். காரணம் சொல்லுங்கள்.”

உண்மையைச் சொல்வதானால், அந்த நிமிடம் என்னிடம் காரணம் இல்லை. காதுக்குப் பழகிய ஒன்றைக் கை தானாகத் திருத்தியிருந்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு நானே கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை அந்த முதல் ‘சி’யை விழுங்கி எழுதியவன். விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் மூன்று முறை அடிக்கோடிட்ட பிறகுதான் அப்படி ஓர் எழுத்து அங்கே இருப்பதே எனக்குத் தெரிய வந்தது. ஆகவே அவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவருக்கு நான் எழுதி அனுப்பிய பதிலை விரித்ததே இந்தக் கட்டுரை.

விடை ஒரு கரடியிடம் தொடங்குகிறது. கிரேக்க மொழியில் கரடிக்கு ‘ஆர்க்டோஸ்’ என்று பெயர். வடவானில் துருவ விண்மீனைச் சுற்றிவரும் ஏழு விண்மீன்களையும் அவற்றின் அண்டை மீன்களையும் சேர்த்து ஒரு பெரிய கரடியாகக் கண்டவர்கள் கிரேக்கர்கள், அதனால் ‘கரடியை அடுத்தது’ என்று பொருள்படும் ‘ஆர்க்டிகோஸ்’ என்ற அடைமொழி வடதிசையைக் குறிக்கலாயிற்று. அதே ஏழு மீன்களை நம் சங்கப் புலவர்கள் எழுமீன் என்றார்கள், பிற்காலத்தார் ஏழு முனிவர்களை அங்கே உட்கார வைத்துச் சப்தரிஷி மண்டலம் என்றார்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. கரடியைக் குறிக்கும் வடசொல்லான ‘ருக்ஷ’ என்பதும் கிரேக்க ‘ஆர்க்டோஸ்’ என்பதும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள், அந்த ஏழு முனிவர்கள் முற்காலத்தில் ‘ருக்ஷர்கள்’ என்று அழைக்கப்பட்டார்கள் எனச் சதபத பிராமணம் என்ற வேத நூலே சொல்கிறது. முனிவர்கள் வந்து அமர்வதற்கு முன்பு அந்த இடத்தில் இங்கேயும் கரடிகள்தாம் இருந்தன போலும். அந்தக் கரடியின் பெயருக்குள் இருக்கும் ‘க்’ ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழையைப் பேசும்போது அது மீண்டும் வரும்.

வடக்குக் கரடியின் பக்கம் என்றால், தெற்கு கரடிக்கு எதிர்ப்பக்கம். எதிர் என்று பொருள்படும் முன்னொட்டைச் சேர்த்து ‘அன்டார்க்டிகோஸ்’ என்றார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சொல் பிறந்தபோது தெற்கே பனிக்கண்டம் ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான். அது இடத்தின் பெயராகப் பிறக்கவில்லை. துருவம், வட்டம், திசை போன்ற ஏதேனும் ஒரு பெயர்ச்சொல்லின் முன்னால் நின்று அதைச் சிறப்பிக்கும் அடைமொழியாகவே பிறந்து, அப்படியே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 1391-ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் மகனுக்காக எழுதிய வானியல் கருவிக் கையேட்டில் அது தென் துருவத்துக்கு அடைமொழியாக வருகிறது. 1555-இல் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய ரியோ டி ஜெனிரோ இருக்கும் குவானபாரா விரிகுடாவில் ஒரு குடியேற்றத்தை அமைத்து அதற்கு ‘பிரான்ஸ் அன்டார்க்டிக்’ என்றே பெயர் சூட்டினார்கள். பனை மரமும் கொசுவும் நிறைந்த அந்த வெப்பமண்டலக் கரைக்கு அந்தப் பெயர் பொருந்தியதற்குக் காரணம், ‘தெற்கத்திய’ என்பதற்கு மேல் அச்சொல்லுக்கு அப்போது வேறு பொருள் இல்லை என்பதே. பனியும் பென்குயினும் பின்னால்தான் வந்து ஒட்டிக்கொண்டன. அதே பிரேசிலில் 1885-இல் சாவோ பாவுலோ நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் பெயரால் ‘அன்டார்க்டிக்கா’ என்ற பீர் இன்றும் விற்பனையாகிறது, அதன் சின்னத்தில் இரண்டு பென்குயின்கள் நிற்கின்றன.

கண்டத்துக்கு வைக்கப்பட வேண்டிய பெயர் முதலில் வேறு. தெற்கே பெரிய நிலப்பரப்பு ஒன்று இருந்தாக வேண்டும் என்று நம்பிய ஐரோப்பிய வரைபடக்காரர்கள் அதற்கு ‘டெர்ரா ஆஸ்திராலிஸ்’, அதாவது தென்னிலம், என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். 1814-இல் ஆங்கிலேயக் கடலோடி மேத்யூ ஃப்ளின்டர்ஸ் தம் கடற்பயண நூலை வெளியிட்டபோது, தாம் சுற்றிவந்த நிலத்துக்குத் தெற்கே அதற்கு ஈடான நிலம் இனிக் கிடைக்க வாய்ப்பில்லை என்று முடிவு கட்டி, அந்தப் பெயரை அதற்கே உரியதாக்கினார். அதை ‘ஆஸ்திரேலியா’ என்று மாற்றினால் காதுக்கும் இனிமையாக இருக்கும், மற்றப் பெருநிலங்களின் பெயர்களோடும் ஒத்துப்போகும் என்று அடிக்குறிப்பில் எழுதிவைத்தார். ஆறே ஆண்டுகளில், 1820 ஜனவரியில், ரஷ்யக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹவுசனும் பிரிட்டனின் பிரான்ஸ்ஃபீல்டும் சில நாள் இடைவெளியில் உண்மையான தென்கண்டத்தின் விளிம்பைக் கண்டார்கள். ஆனால் அதற்குள் பெயர் பறிபோய்விட்டது. பெயரற்ற அந்த நிலத்துக்கு, இருக்கும் அடைமொழியின் முடிவில் ஓர் ‘ஏ’யைச் சேர்த்து, ஆப்பிரிக்கா, அமெரிக்கா வரிசையில் நிற்கும்படி ‘அன்டார்க்டிக்கா’ என்று வரைபடத்தில் இட்டவர் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் ஜார்ஜ் பார்த்தலோமியூ என்றும், அது 1890-இல் என்றும் பொதுவாகக் குறிக்கப்படுகிறது.

பொறியாளர் கேட்ட காரணம் இந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது. ‘அன்டார்க்டிக்கா’ என்பது ஒரு கண்டத்துக்குச் சூட்டப்பட்ட இயற்பெயர். ஆங்கிலத்தில் ‘தி ஏசியா’ என்றோ ‘தி ஆப்பிரிக்கா’ என்றோ யாரும் எழுதுவதில்லை, ஆகவே ‘தி அன்டார்க்டிக்கா’வும் இல்லை. ‘தி அன்டார்க்டிக்’ என்பதோ இயற்பெயரே அன்று, பின்னால் வர வேண்டிய பெயர்ச்சொல்லை உதறிவிட்டுத் தனியே நிற்கும் அடைமொழி. ‘அன்டார்க்டிக் பகுதிகள்’ என்று பொருள்படும் நீண்ட தொடரை எழுதி எழுதிச் சலித்தவர்கள் ‘பகுதிகள்’ என்பதை விட்டுவிட்டார்கள், ‘தி’ மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. பசிபிக் பெருங்கடலும் அட்லான்டிக் பெருங்கடலும் ‘ஓஷன்’ என்ற சொல்லை இழந்த பிறகும் ‘தி பசிபிக்’, ‘தி அட்லான்டிக்’ என்றே எழுதப்படுவதும் இதனால்தான். எனவே அங்கே ‘தி’யை எடுப்பதும் பிழை. ‘ஃப்ரம் அன்டார்க்டிக்’ என்று நம்மவர் எழுதும்போது, பெயர்ச்சொல்லும் இல்லை, அது இருந்ததற்கு அடையாளமான ‘தி’யும் இல்லை என்பதால் அந்த வாக்கியம் நொண்டுகிறது.

அடைமொழி முதலில் பிறந்தது என்பது இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கிறது. ஆங்கிலத்தில் இந்தியா என்ற பெயரோடு ஓர் ‘என்’ சேர்த்தால் ‘இண்டியன்’ என்ற அடைமொழி கிடைக்கும். ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அதே வழக்கம்தான். அந்தப் பழக்கத்தில் ‘அன்டார்க்டிக்கா’வுக்கு அடைமொழி தேடுபவர்கள் எதையாவது சேர்க்கப் பார்க்கிறார்கள், அல்லது எதுவும் தோன்றாமல் பெயரையே அப்படியே முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே வரலாறு தலைகீழாக நடந்திருப்பதால், அடைமொழிக்கு ஒன்றைச் சேர்க்கக் கூடாது, இருப்பதைக் குறைக்க வேண்டும். தமிழர்களுக்கு இது கடினமாக இருக்கவே கூடாது, ஏனென்றால் நாம் எல்லா நாட்டுப் பெயர்களையும் அப்படித்தான் கையாள்கிறோம். இந்தியா இந்திய அரசு ஆகிறது, அமெரிக்கா அமெரிக்கக் கப்பல் ஆகிறது, ஆப்பிரிக்கா ஆப்பிரிக்க யானை ஆகிறது. ஈற்றுயிர் குறைந்தால் அடைமொழி என்பது நம் நாவில் ஊறிய வழக்கம். ஆங்கிலத்தில் கண்டப் பெயர்களுக்குள் இந்த ஒன்று மட்டும், அதுவும் தற்செயலாக, நம் வழக்கத்தோடு ஒத்துப்போகிறது.

ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1959 டிசம்பர் 1-ஆம் நாள் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டு, 1961 ஜூன் 23 முதல் நடைமுறைக்கு வந்த அந்த ஆவணத்தின் ஆங்கிலத் தலைப்பு ‘தி அன்டார்க்டிக் ட்ரீட்டி’. தலைப்பில் உள்ள ‘தி’ ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு உரியது, அடைமொழிக்கு உரியதன்று. உள்ளே நுழைந்தால், அன்டார்க்டிக்கா அமைதியான நோக்கங்களுக்கு மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று சொல்லும் முதல் உறுப்பு ‘தி’ இல்லாமல் வெறும் ‘அன்டார்க்டிக்கா’ என்றே தொடங்குகிறது. ஒரே ஆவணத்தின் தலைப்பும் முதல் வாக்கியமும் இரண்டு வடிவங்களையும் அதனதன் இடத்தில் வைத்துக் காட்டிவிடுகின்றன. நம் நாடாளுமன்றம் 2022-இல் இயற்றிய சட்டமும் ‘இண்டியன் அன்டார்க்டிக் ஆக்ட்’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. கோவாவில் உள்ள நம் துருவ ஆய்வு மையம் இன்றைய பெயரைப் பெறுவதற்கு முன்பு தன் ஆங்கிலப் பெயரில் ‘அன்டார்க்டிக்’ என்ற சொல்லைத்தான் வைத்திருந்தது. பிரிட்டனின் ஆய்வு நிறுவனம் 1962 முதல் ‘பிரிட்டிஷ் அன்டார்க்டிக் சர்வே’.

இதை வைத்துக்கொண்டு, பெயர்ச்சொல்லை இன்னொரு பெயர்ச்சொல்லின் முன்னால் நிறுத்தவே கூடாது என்று சட்டம் போடவும் முடியாது. நியூசிலாந்து அரசின் அமைப்புக்குப் பெயரே ‘அன்டார்க்டிக்கா நியூசிலாந்து’. ஒப்பந்தம் கையெழுத்தான டிசம்பர் 1 ‘அன்டார்க்டிக்கா டே’ என்று கொண்டாடப்படுகிறது. சுற்றுலாக்காரர்களின் விளம்பரங்களில் கண்டத்தின் முழுப்பெயரே பயணத்துக்கு முன்னால் நிற்பதும் உண்டு, ‘கலிபோர்னியா ஒயின்’ என்று சொல்வது போல அதில் இலக்கணக் குற்றம் இல்லை. ஆனால் பனி, கோடை, வட்டம், தீபகற்பம், பென்குயின் போன்ற நிலைபெற்ற தொடர்களில் அடைமொழிதான் வர வேண்டும் என்பது என் கருத்து. ‘அன்டார்க்டிக்கா பெனின்சுலா’ என்று எழுதுவதை நான் இனியும் அடித்துக்கொண்டேதான் இருப்பேன். அந்தத் தீபகற்பத்துக்குப் பிரிட்டன் ஒரு பெயரும் அமெரிக்கா ஒரு பெயரும் சொல்லி நெடுங்காலம் பிணங்கி, 1964-இல்தான் ‘அன்டார்க்டிக் பெனின்சுலா’ என்பதற்கு உடன்பட்டார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்த பெயரில் நாம் வேறு கை வைக்க வேண்டாம்.

இனி அந்த ‘சி’. ஆங்கிலத்தில் இப்பெயருக்குப் பத்து எழுத்துகள், அவற்றில் ‘சி’ இரண்டு முறை வருகிறது, தொலைவது எப்போதும் முதலாவதுதான். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு அந்தப் பிழைக்கு வயது அதிகம். லத்தீன் பிற்காலத்தில் பேச்சில் தேய்ந்தபோதே அந்த ‘க்’ உதிர்ந்துவிட்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்லிலும் அது இல்லை, சாசர் எழுதியதும் ‘சி’ இல்லாத வடிவத்தைத்தான். பின்னர் கிரேக்கமும் லத்தீனும் கற்ற அறிஞர்கள் மூலத்தைப் பார்த்து அந்த எழுத்தை மீண்டும் செருகினார்கள். இப்படித் திரும்பி வந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் பல உண்டு, அவற்றின் தலைவிதியும் பலவிதம். ‘பர்ஃபெக்ட்’, ‘வெர்டிக்ட்’ ஆகிய சொற்களில் செருகப்பட்ட ‘சி’யை இன்று எல்லோரும் ஒலிக்கிறார்கள். குற்றஞ்சாட்டுதலைக் குறிக்கும் ‘இன்டைட்’ என்ற சொல்லில் அது எழுத்தில் இருந்தும் ஒலிப்பதில்லை. நம் சொல் இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. கவனமாகப் பேசுபவர்கள் ‘க்’கை ஒலிக்கிறார்கள், வேகமாகப் பேசும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பலர் விட்டுவிடுகிறார்கள், அகராதிகளும் இரண்டு உச்சரிப்பையும் பதிவு செய்கின்றன. ஆகவே பேச்சில் அதை விட்டவரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. எழுத்தில் விடுவது மட்டும் பிழை, அதில் சலுகைக்கு இடமே இல்லை.

நம்மவருக்கு இந்தப் பிழை கூடுதலாக வருவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பள்ளிப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் நாம் சிறு வயது முதல் படித்தது பெரும்பாலும் ‘அண்டார்டிகா’ என்ற வடிவம். தமிழ் இலக்கணப்படி ககர ஒற்று தன்னோடு மட்டுமே மயங்கும், அதாவது ‘க்’குக்குப் பின் ககரம்தான் வரலாம், டகரம் வர முடியாது. ‘பார்க்க’ என்பதும் ‘ஈர்க்கும்’ என்பதும் எளிதில் வருகின்றன, ‘ர்க்டி’ என்ற கூட்டில் நாக்கு இடறுகிறது. அதனால் ‘க்’கை உதறிவிட்டோம், ‘ன்ட’ என்பதையும் நம் இயல்புப்படி ‘ண்ட’ ஆக்கிக்கொண்டோம். தமிழில் அப்படி எழுதுவதை நான் குறை சொல்லமாட்டேன், தமிழுக்குள் வரும் சொல் தமிழின் ஒலிக்கு இணங்கத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் ‘அன்டார்க்டிக்கா’ என்று எழுதுவது ஆங்கில எழுத்துகளைக் கண்முன் நிறுத்த வேண்டிய தேவைக்காகத்தான். ஆனால் தமிழ் வடிவத்தை மனத்தில் ஒலித்துக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதும்போது, தமிழில் உதிர்ந்த எழுத்து ஆங்கிலத்திலும் உதிர்கிறது. ஆங்கிலத்தில் எறும்பைக் குறிக்கும் ‘ஆன்ட்’, அதன் பின் ‘ஆர்க்டிக்’, கடைசியில் ஓர் ‘ஏ’ என்று மூன்றாக உடைத்து எழுதிப் பழகினால் எழுத்து தொலையாது. எனக்கு எறும்பைவிடக் கரடி உதவியது. ருக்ஷத்தின் ‘க்’தான் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதை விட்டுவிட மனம் வருவதில்லை.

வடிவத்தைச் சரியாக எழுதினாலும் எந்த வடிவம் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது தனிக் கேள்வி. அன்டார்க்டிக்கா என்பது சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டம், அதன் பனி அடுக்குகளும் ஒட்டிய தீவுகளும் அதில் அடங்கும். ‘தி அன்டார்க்டிக்’ அதைவிடப் பெரியது, கண்டத்தைச் சூழ்ந்த கடலும் அக்கடலில் உள்ள தொலைதூரத் தீவுகளும் அதற்குள் வரும். அதன் எல்லை யாரைக் கேட்கிறோம் என்பதற்கு ஏற்ப மாறும். ஒப்பந்தம் தென் அட்சம் 60 பாகைக்குக் கீழே உள்ள பகுதிக்குப் பொருந்துகிறது. கடலியலாளர்களும் உயிரியலாளர்களும் தெற்கிலிருந்து வரும் குளிர்நீர் வடக்கின் வெப்பமான நீருக்கு அடியில் மூழ்கும் கோட்டை எல்லையாகக் கொள்கிறார்கள், அந்தக் கோடு கண்டத்தைச் சுற்றி வளைந்து நெளிந்து செல்கிறது. தெற்கு ஜார்ஜியா ஏறத்தாழ 54 பாகையில் இருப்பதால் ஒப்பந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது, குளிர்நீர்க் கோட்டுக்கோ உள்ளே நிற்கிறது. அந்தத் தீவில் நிற்பவர் ‘தி அன்டார்க்டிக்’கில் இருப்பதாகச் சொல்லலாம், அன்டார்க்டிக்காவில் இருப்பதாகச் சொல்ல முடியாது. தென் துருவம் என்பதோ கண்டத்துக்குள் ஒரே ஒரு புள்ளி. நம் மைத்ரி ஆய்வு நிலையத்தைத் ‘தென் துருவத்தில் உள்ள நிலையம்’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுகிறார்கள், மைத்ரியிலிருந்து துருவப் புள்ளி 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

வடக்கே இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அங்கே கண்டமே இல்லை. நடுவில் இருப்பது கடல், ஆகவே ஆங்கிலத்தில் ‘தி ஆர்க்டிக்’ என்ற ஒன்றே போதுமானதாக இருக்கிறது. தெற்கைப் பார்த்து வடக்குக்கும் ‘ஆர்க்டிக்கா’ என்று எழுதுபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ரஷ்ய மொழியில் இருந்து பெயர்க்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். அங்கே ‘அன்தார்க்திக்கா’ என்பது பகுதி முழுவதையும், ‘அன்தார்க்தீதா’ என்பது கண்டத்தையும் குறிக்கும். காதில் விழும் ஒற்றுமையை நம்பினால் கண்டமும் கடலும் இடம் மாறிவிடும்.

இவ்வளவையும் எழுதி அனுப்பியபோது, குறும்புக்காகக் கடைசியில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தேன்: ‘தி அன்டார்க்டிக்’ 1903 பிப்ரவரியில் மூழ்கிவிட்டது. ஆங்கிலத்தில் கப்பல் பெயர்களின் முன்னாலும் ‘தி’ வரும். நார்டென்ஷெல்டின் ஸ்வீடிஷ் ஆய்வுக் குழுவைச் சுமந்து சென்ற ‘அன்டார்க்டிக்’ என்ற கப்பல் அந்த மாதம் பாலெட் தீவுக்கு அப்பால் பனியால் நசுக்கப்பட்டு மூழ்கியது. அச்சில் கப்பல் பெயரைச் சாய்வெழுத்தில் இடும் வழக்கம் மட்டுமே அந்த வாக்கியத்தில் ஒரு பெருநிலப்பரப்பைக் காப்பாற்றுகிறது.

பொறியாளர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார், ஒன்றைத் தவிர. தெற்கு ஜார்ஜியாவில் இறங்கிய நாளைப் பற்றிய பக்கத்தில், “இன்றுதான் முதன்முதலாக அன்டார்க்டிக்காவில் கால் வைத்தேன்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை ‘தி அன்டார்க்டிக்’ என்று நான் மாற்றியிருந்தேன். இலக்கணப்படியும் புவியியல்படியும் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டவர், அந்த வாக்கியம் இப்போது தமக்குச் சப்பென்று இருப்பதாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். கால் வைப்பதற்கு ஒரு கண்டம் வேண்டும், ஒரு பகுதியில் யாரும் கால் வைப்பதில்லை. ஒரு வாரம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. அந்தப் பக்கத்தில் அந்த வாக்கியமே இல்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். தீபகற்பத்தின் பெருநிலத்தில், நெக்கோ துறைமுகத்தில், ரப்பர் படகிலிருந்து அவர் இறங்கிய நாளின் முதல் வரியாக அது போய் உட்கார்ந்திருந்தது. முன்னால் ‘தி’ இல்லை. ‘சி’ இரண்டும் இருந்தன.